மானிட்டரில் அழகு, பட்டறையில் அவஸ்தை

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மொபைலுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எப். பைல் வந்தது. அனுப்பியவன் என் சித்தப்பா மகன். வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. பைலைத் திறந்து பார்த்தால், வில் போல வளைந்த ஒரு இரும்பு டிரஸ். மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு, நடுவில் வரிசையாக நிற்கும் துண்டுகள், அவற்றுக்கு இடையே சாய்வுத் துண்டுகள். "எப்படிண்ணா இருக்கு?" என்று கேட்டிருந்தான். நான் பல் தேய்த்துக்கொண்டே கட்டை விரல் படத்தை அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

பத்து நாள் கழித்துச் சித்தப்பாவே போன் செய்தார். ஈரோட்டுப் பக்கம் சிறிய வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். "என்ன கண்ணு, கம்ப்யூட்டர்ல பொருந்துது, கம்பில பொருந்தமாட்டேங்குது?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் உண்மையாகவே சந்தேகம் கேட்டார். நான் சிவில் இன்ஜினியரிங் படித்தவன், சாப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்பவன், படத்தைப் பார்த்துச் சரி என்று சொன்னவனும் நான்தான். அவர் வேறு யாரைக் கேட்பார்?

நடந்தது இதுதான். ஒரு கல்யாண மண்டபத்தை ஒட்டிச் சாப்பாட்டுக் கூடம் கட்டுகிறார்கள். அகலம் 12 மீட்டர். ஊரில் 40 அடி என்பார்கள், கணக்குக்கு எளிதாக 12 என்றே வைத்துக்கொள்வோம். நடுவில் 1.5 மீட்டர் உயரும் வளைவுக் கூரை. ஆறு டிரஸ். ஒவ்வொரு டிரஸ்ஸிலும் 12 அறைகள், அறைக்கு ஒரு சாய்வுத் துண்டு. ஆக மொத்தம் 72 சாய்வுத் துண்டுகள். தம்பி வரைந்த படத்தில் நடு அறையின் சாய்வுத் துண்டுக்கு மட்டும் 1.22 மீட்டர் என்று அளவு போட்டு, பக்கத்தில் "இதே போல் 72" என்று எழுதியிருந்தான். பட்டறையில் அதை நம்பினார்கள். ஆறு மீட்டர் பைப் ஒன்றுக்கு நான்கு துண்டு வீதம் 18 பைப்பை வெட்டித் தள்ளிவிட்டார்கள். பொருத்திப் பார்த்தால் நடுவில் இருக்கும் இரண்டு அறைகளில் மட்டும் துண்டு கச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்த அறையில் 4 செ.மீ. குறைவு, அதற்கடுத்ததில் 8 செ.மீ. குறைவு, இப்படியே போய்க் கடைசி அறையில் 19 செ.மீ. குறைவு. நீளமாக இருந்தால் வெட்டிவிடலாம். குறைவாக இருந்தால் என்ன செய்வது? 72-ல் 60 துண்டு வீண்.

பைலை வாங்கி என் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். தவறைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு நிமிடத்தை முதலிலேயே செலவழித்திருந்தால் 15 பைப் மிச்சமாகியிருக்கும்.

காப்பியா, ஆப்செட்டா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு டிரஸ் என்றால் என்ன என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். நான்கு குச்சிகளை முனையில் ஆணி அடித்துச் சதுரமாகச் சேர்த்தால் அது சாயும். மூன்று குச்சிகளை முக்கோணமாகச் சேர்த்தால் சாயாது. அவ்வளவுதான். முக்கோணங்களை வரிசையாக ஒட்டிக்கொண்டே போனால் டிரஸ். ரயில் பாலம், பஸ் நிலையக் கூரை, சினிமா தியேட்டர் கூரை எல்லாம் இந்த ஒரே விஷயம்தான்.

இப்போது வளைவுக்கு வருவோம். தம்பி மேல் வளைவைச் சரியாகத்தான் வரைந்தான். பிறகு அதை அப்படியே காப்பி செய்து 60 செ.மீ. கீழே இறக்கி வைத்தான். மானிட்டரில் இரண்டும் இணையாக ஓடுவது போலவே தெரியும். ஆனால் அவை இணை அல்ல. நடுவில் இரண்டு வளைவுக்கும் இடைவெளி 60 செ.மீ. ஓரத்தில் வளைவுக்குச் செங்குத்தாக அளந்தால் சுமார் 53 செ.மீ. நடு அறை ஏறத்தாழச் செவ்வகம். ஓரத்து அறையோ நன்றாகச் சாய்ந்த இணைகரம். அப்படியிருக்க இரண்டின் மூலைவிட்டமும் எப்படி ஒரே நீளமாக இருக்கும்? கடைசி அறையில் அது 1.41 மீட்டர். நிற்கும் துண்டுகள் மட்டும் எல்லா இடத்திலும் சரியாக 60 செ.மீ. வந்ததுதான் அவனை ஏமாற்றிவிட்டது. நிற்பது எல்லாம் ஒரே அளவு என்றால் சாய்வதும் ஒரே அளவாகத்தானே இருக்கும் என்று நினைத்துவிட்டான். எனக்கும் அந்தக் காலை நேரத்தில் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

காப்பி செய்யாமல் ஆப்செட் என்ற கட்டளையைக் கொடுத்து 60 செ.மீ. உள்ளே வரைந்திருந்தால் கதையே வேறு. ஆப்செட் கொடுத்தால் கீழ் வளைவும் அதே மையத்திலிருந்து வரும், ஆரம் மட்டும் 60 செ.மீ. குறையும். நிற்கும் துண்டுகள் சைக்கிள் சக்கரத்தின் போக்ஸ் கம்பி போல மையத்தை நோக்கி நிற்கும். எல்லா அறையும் அச்சில் வார்த்தது போல ஒரே வடிவம். சாய்வுத் துண்டு ஒவ்வொன்றும் 1.18 மீட்டர். 72-ம் 1.18 மீட்டர். அதுமட்டுமல்ல, ஆறு மீட்டர் பைப்பில் ஐந்து துண்டு கிடைத்துவிடும், கழிவு என்று பார்த்தால் ஒரு சாண்கூட இருக்காது. 18 பைப் வேலை 15 பைப்பில் முடிந்திருக்கும்.

இதற்காகக் காப்பி தவறு, ஆப்செட் சரி என்று யாரும் மனப்பாடம் செய்துவிட வேண்டாம். ஆப்செட்டில் ஓரத்துத் துண்டு 28 டிகிரி சாய்ந்து நிற்கும், தூணில் உட்காரும் இடத்தில் அதற்குத் தனியாகத் தகடு வைத்து வேலை செய்ய வேண்டும். நிற்கும் துண்டுகள் நேராகத்தான் இருக்க வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அப்போது காப்பி முறையே சரி, ஆனால் ஒரு பாதிக்கு ஆறு விதமான நீளம் என்று பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுத்தோம் என்பதே தெரியாமல் தேர்ந்தெடுப்பதுதான் ஆபத்து.

பட்டன் பாடம்

என் வருத்தம் தம்பி மேல் இல்லை. அவன் மூன்று மாதம் ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டிப் படித்தான். நோட்டை வாங்கிப் பார்த்தேன். லைன் என்றால் எந்த பட்டன், ஆர்க் என்றால் எந்த பட்டன், காப்பி என்றால் எந்த பட்டன் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். ஆப்செட்டும் இருந்தது. "இணைக்கோடு வரைய" என்று ஒரே ஒரு வரி. வட்டத்தின் ஆரம் என்ற வார்த்தை அந்த நோட்டில் ஒரு இடத்திலும் இல்லை. பத்தாம் வகுப்பில் படித்த வடிவியலை எடுத்துவைத்துக்கொண்டு பட்டனை மட்டும் விற்றால் இப்படித்தான் ஆகும்.

அகலமும் நடு உயரமும் தெரிந்தால் வளைவின் ஆரத்தைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை அல்ல. அகலத்தை அதே அகலத்தால் பெருக்கி, உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, அதோடு உயரத்தில் பாதியைக் கூட்டுங்கள். நம் கூடத்துக்கு 144-ஐ 12-ஆல் வகுத்தால் 12. அதோடு 0.75 கூட்டினால் 12.75 மீட்டர். எக்ஸெல்லில் மூன்று செல் போதும். ஒரு தடவை போட்டு வைத்துவிட்டால் அகலத்தையோ உயரத்தையோ மாற்றியதும் ஆரம் தானாக மாறும். பைப் வளைக்கும் ரோலிங் மெஷின்காரர் முதலில் கேட்கும் கேள்வியே "எவ்வளவு ரேடியஸ்?" என்பதுதான். "படத்தில் இருப்பது போல" என்று பதில் சொன்னால் அவர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார்.

இதனால்தான் புதியவர்கள் ஸ்பிளைன் என்ற கட்டளையிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். நான்கைந்து இடத்தில் கிளிக் செய்தால் நெளிநெளியாக அழகான வளைவு வந்துவிடும். அதற்கு ஒரே ஆரம் கிடையாது. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு ஆரம். படத்துக்குச் சரி, பைப்புக்குச் சரிவராது.

இன்னொரு விஷயம் பலரையும் குழப்புவது. ஆட்டோகேடில் வட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் சில நேரம் பலகோணம் போலத் தெரியும். பயப்பட வேண்டாம், ரீஜென் கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும். உள்ளே இருப்பது உண்மையான வட்டம், திரையில் காட்டும் வேகத்துக்காகத்தான் அப்படிக் காட்டுகிறது. ஸ்கெட்ச்அப் விஷயம் வேறு. அங்கே வளைவு என்பதே நேர்க்கோட்டுத் துண்டுகளின் தொகுப்புதான். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஒரு வளைவை 12 துண்டாகப் போடும். நம் 12 மீட்டர் வளைவை 12 துண்டாகப் போட்டால் உண்மையான வட்டத்திலிருந்து ஒவ்வொரு துண்டின் நடுவிலும் சுமார் 1 செ.மீ. விலகல் வரும். ஆர்க் டூலை எடுத்தவுடன் 24 என்று அடித்து அதை ஒட்டி ஆங்கில எஸ் எழுத்தைத் தட்டி என்டர் கொடுத்தால் 24 துண்டாகும். இரண்டு சாப்ட்வேர் திரையிலும் வளைவு ஒன்று போலத்தான் தெரிகிறது, உள்ளே இருக்கும் சமாசாரம் வேறு வேறு.

துண்டு துண்டாக இருப்பது குறையும் அல்ல. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் நடு முற்றத்துக்கு 2000-ல் போட்ட கண்ணாடிக் கூரையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். போர்வை போல வளைந்து கிடக்கும். அதில் ஒரு கண்ணாடிகூட வளைந்தது அல்ல. 3,312 தட்டையான முக்கோணக் கண்ணாடிகள், 4,878 நேரான இரும்புத் துண்டுகள், அவை சந்திக்கும் 1,566 முடிச்சுகள். (முடிச்சையும் கண்ணாடியையும் கூட்டிப் பாருங்கள், சரியாக இரும்புத் துண்டின் எண்ணிக்கை வரும். நடுவில் வட்டமான வாசகசாலை இருப்பதால் கூரையில் ஒரு ஓட்டை. அந்த ஒரு ஓட்டையால் வரும் கணக்கு இது. கணக்குப் பிரியர்களுக்காகச் சொன்னேன், மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.) அந்தக் கூரையின் வடிவத்தைப் பாத் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் வில்லியம்ஸ் கணிதச் சமன்பாடாக எழுதி, அதற்கென்றே புரோகிராம் போட்டுத்தான் கண்டுபிடித்தார்.

அதே லண்டனில் வாட்டர்லூ ரயில் நிலையத்தின் பன்னாட்டு முனையம், 1993-ல் கட்டி முடித்தது. கட்டடக் கலைஞர் நிக்கோலஸ் கிரிம்ஷா, கட்டமைப்பு வேலை ஆன்டனி ஹன்ட் நிறுவனம். 1994-லிருந்து 2007 வரை பாரிஸ் போகும் யூரோஸ்டார் ரயில்கள் அங்கிருந்துதான் கிளம்பின. அந்தக் கூரையில் 36 வளைவுகள். தண்டவாளம் வளைந்து போவதாலும் நிலையம் ஒரு முனையில் குறுகுவதாலும் அகலம் சுமார் 50 மீட்டரிலிருந்து 35 மீட்டர் வரை குறைந்துகொண்டே போகும். 36-ம் வேறு வேறு அளவு, ஆனால் ஒரே குடும்பத்துச் சாடை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வரைந்திருந்தால் ஒரு தவறைத் திருத்த 36 படத்தைத் திருத்த வேண்டும். அவர்கள் ஒரு வளைவுக்கு விதி எழுதினார்கள். அகலத்தைக் கொடுத்தால் மற்ற அளவெல்லாம் தானாக வரும். இதைத்தான் இன்றைக்குப் பாராமெட்ரிக் மாடலிங் என்று பெரிய பெயர் வைத்து அழைக்கிறார்கள். நம் எக்ஸெல் ஷீட்டில் அகலத்தை மாற்றினால் ஆரம் மாறுகிறதே, அதன் பெரியண்ணன்தான் இது.

எந்த சாப்ட்வேர்?

தம்பியின் கம்ப்யூட்டரில் இருந்தது பயிற்சி மையத்திலிருந்து பென் டிரைவில் வாங்கி வந்த திருட்டு காப்பி. அதை இன்ஸ்டால் செய்வதற்காக ஆன்டிவைரசை அணைக்கச் சொல்லியிருக்கிறார்கள், இவனும் அணைத்திருக்கிறான். திருடன் உள்ளே வர வசதியாக நாயைக் கட்டிப்போட்ட கதை. அதே கம்ப்யூட்டரில்தான் சித்தப்பாவின் வங்கிக் கணக்கையும் பார்க்கிறார்கள். சாப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்குபவன் என்பதால் நான் திருட்டு காப்பிக்கு எதிராகப் பேசுகிறேன் என்று நினைப்பீர்கள். அதுவும் ஒரு காரணம்தான், மறைப்பானேன்? ஆனால் இந்த வேலைக்கு அது தேவையே இல்லை என்பதுதான் முக்கியக் காரணம்.

வீட்டில் கற்றுக்கொள்ள பிரீகேட் போதும். முழுக்க இலவசம், சட்டப்படி இலவசம். 2002-லிருந்து வளர்ந்து வந்து 2024 நவம்பரில் 1.0 பதிப்பைத் தொட்டிருக்கிறது. அதிலேயே ஒரு ஸ்பிரெட்ஷீட் இருக்கிறது. ஒரு செல்லில் அகலம், இன்னொரு செல்லில் உயரம் என்று எழுதி வரைபடத்தின் அளவுகளோடு இணைத்துவிடலாம். எண்ணை மாற்றினால் வளைவு மாறும். வாட்டர்லூவில் செய்ததை உங்கள் வீட்டு மேசையில் சின்ன அளவில் செய்து பார்ப்பது போலத்தான். முதல் வாரம் மெனுக்கள் கண்ணைக் கட்டும், அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். அதுவும் வேண்டாம், சும்மா ஒரு வடிவம் பார்த்தால் போதும் என்பவர்களுக்குப் பிரவுசரிலேயே ஓடும் இலவச ஸ்கெட்ச்அப் இருக்கிறது.

மாணவர் என்றால் ஆட்டோடெஸ்க் நிறுவனம் ஆட்டோகேட், ரெவிட் இரண்டையும் படிப்புக்காக இலவசமாகத் தருகிறது. படிப்பதற்கு மட்டும்தான், அதை வைத்துச் சித்தப்பா பட்டறைக்குக் காசு வேலை செய்யக்கூடாது. ரெவிட் 2000-ல் வந்தது, 2002-ல் ஆட்டோடெஸ்க் அதை வாங்கியது. அதில் டிரஸ்ஸுக்கென்றே தனி டூல் உண்டு. மேல் விளிம்பு, கீழ் விளிம்பு இரண்டையும் வளைவாக மாற்றிக்கொள்ளலாம். நான் அதில் மிகவும் விரும்புவது வளைவை அல்ல, பட்டியலை. ரெவிட்டில் ஒரு பைப் என்பது வெறும் கோடு அல்ல, தன் நீளம் தனக்குத் தெரிந்த ஒரு பொருள். ஷெட்யூல் என்று கேட்டால் ஒவ்வொரு துண்டையும் எந்த நீளத்தில் வெட்ட வேண்டும் என்று அட்டவணையாகக் கொடுத்துவிடும். தம்பி அந்த அட்டவணையைப் பார்த்திருந்தால் 1.22-லிருந்து 1.41 வரை ஆறு விதமான நீளங்கள் பல்லைக் காட்டியிருக்கும். ஆனால் அந்த வசதிக்குக் கனமான கம்ப்யூட்டர் வேண்டும், 16 ஜி.பி. ராம் இருந்தால்தான் நிம்மதி. அதற்காகக் கடன் வாங்காதீர்கள். ஆட்டோகேடிலேயே ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்து லிஸ்ட் கட்டளை கொடுத்தால் அதன் நீளத்தைச் சொல்லும். இரண்டு சாய்வுக் கோடுகளைத் தொட்டுப் பார்த்தாலே போதும். நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று.

ஆட்டோகேடில் வளைவைச் சமமாகப் பிரிக்க டிவைட் என்ற கட்டளை இருக்கிறது. 12 என்று கொடுத்தால் வளைவின் மேல் 11 புள்ளிகளை வைக்கும். புதியவர்கள் பலர் "ஒன்றுமே நடக்கவில்லையே" என்று திரும்பத் திரும்பக் கொடுப்பார்கள். புள்ளி கோட்டின் மேலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். பாயின்ட் ஸ்டைல் என்ற டயலாக் பாக்ஸைத் திறந்து பெருக்கல் குறி போன்ற வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள், எல்லாப் புள்ளியும் தெரியும். மேல் வளைவையும் ஆப்செட் செய்த கீழ் வளைவையும் தனித்தனியாக 12 ஆகப் பிரித்துப் புள்ளிக்குப் புள்ளி கோடு போட்டால் டிரஸ் தயார்.

திரை சொல்லாத சங்கதி

வரைபட சாப்ட்வேர் பலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. இதை நான் பல தடவை சொல்லிவிட்டேன், இன்னும் சொல்வேன். வளைவான எதையும் இரண்டு பக்கமும் அசையாமல் ஊன்றி மேலே பாரம் வைத்தால் அது கால்களை வெளியே தள்ளப் பார்க்கும். ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை வளைத்து மேசையில் நிறுத்தி உச்சியை அழுத்துங்கள், தெரியும். லண்டன் செயின்ட் பாங்கிராஸ் நிலையத்தில் வில்லியம் பார்லோ 1868-லேயே சுமார் 73 மீட்டர் அகலத்துக்கு ஒரே வளைவில் இரும்புக் கூரை போட்டார். கம்ப்யூட்டர் இல்லை, காகிதமும் பென்சிலும்தான். அந்த வளைவு வெளியே தள்ளும் விசையைப் பிடித்து இழுத்துக்கொள்வது பிளாட்பாரத் தளத்துக்கு அடியில் போகும் இரும்பு உத்திரங்கள். மேலே நிற்கும் பயணிகளுக்கு அது தெரியவே தெரியாது. யூரோஸ்டார் 2007-ல் வாட்டர்லூவை விட்டு இடம் மாறிப் போனது அந்தக் கூரைக்குக் கீழேதான்.

தம்பியின் படத்தில் டிரஸ்ஸின் இரண்டு காலும் மண்டபத்துச் செங்கல் சுவரின் மேல் உட்கார்ந்திருந்தன. சுவரை வெளியே தள்ளுமா, ஒரு காலை நகரவிட வேண்டுமா, குறுக்கே இழுவைக் கம்பி வேண்டுமா, காற்று அடியிலிருந்து கூரையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. சாப்பாட்டுக் கூடம், ஒரு பந்திக்கு இருநூறு பேர் உட்காரும் இடம். பைப் குறைவாகப் போனது ஒரு வகையில் நல்லதுக்குத்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். இல்லாவிட்டால் கேட்காமலேயே மேலே ஏற்றியிருப்பார்கள். நான் சிவில் படித்தவன்தான், ஆனால் ஆறு வருடமாகச் செய்வது சாப்ட்வேர் வேலை. கையெழுத்துப் போடும் தகுதி எனக்கு இல்லை என்று சித்தப்பாவிடம் சொல்லி, கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். அவர் இழுவைக் கம்பி சேர்த்தார், சுவருக்குப் பதில் தூண் போடச் சொன்னார், கீழ்ப் பைப்பின் கனத்தைக் கூட்டினார். செலவு கூடியது. சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

பிறகு தம்பி புதுப் படம் போட்டான், இந்தத் தடவை ஆப்செட். கூடவே ஒரு பக்கம் எண்களாகவே எழுதிக் கொண்டுபோனான். நடுவில் உயரம் 1.5 மீட்டர், நடுவிலிருந்து 3 மீட்டர் தள்ளி 1.142 மீட்டர் என்று மீட்டருக்கு மீட்டர். பட்டறையில் முப்பது வருடமாக இருக்கும் மூத்த வெல்டர் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எதிரே இருந்த காலி மனைக்குப் போனார். தரையில் ஒரு ஆணி அடித்தார். 12.75 மீட்டர் கம்பியை அதில் மாட்டி, மறுமுனையில் சாக்பீஸ் கட்டித் தரையில் சுண்ணாம்பு தெளித்த இடத்தில் வில் இழுத்தார். அடுத்து 12.15 மீட்டருக்கு இன்னொரு வில். டேப்பை எடுத்துத் தம்பி எழுதிய ஒவ்வொரு எண்ணையும் அளந்தார். மாலை வெயிலில் அரை மணி நேரம். தம்பி பேச்சு மூச்சில்லாமல் பக்கத்தில் நின்றான். நான் வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது மீட்டரில் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணு நாற்பத்து நாலு... இல்ல, ஒண்ணு பதினாலு. சரியாத்தான் கண்ணு இருக்குது" என்றார்.

வீணான 60 துண்டுகளில் பாதி அந்த மண்டபத்தின் மாடிப்படிக்குக் கைப்பிடியாகப் போனது. மீதி இன்னும் பட்டறை மூலையில்தான் கிடக்கிறது.